குச்சிக் கணக்கு

சிங்கப்பூரில் பூன் டாட் தெரு என்று ஒன்று. 1894-ல் கட்டிய லாவ் பா சாட் சந்தையை ஒட்டி இருக்கிறது. இருட்டியதும் வண்டி வாகனங்களை நிறுத்திவிட்டு, தார் ரோட்டிலேயே மேஜை நாற்காலி போட்டுவிடுகிறார்கள். ஒரே கரிப் புகை. சாத்தே, அதாவது குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி, அங்கே பிரசித்தம். நண்பர் ஒருவர் அழைத்துப் போனார்.

ருசியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மஞ்சளில் ஊறிய கோழி; தொட்டுக்கொள்ள நிலக்கடலைக் குழம்பு. என் குறையெல்லாம் கணக்கைப் பற்றியதுதான். பத்துக் குச்சிக்குக் குறைந்து தரவில்லை. காசையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள்.

எஸ்பிளனேடில் 1995 வரை சாத்தே கிளப் இருந்தது. நண்பர் சிறுவயதில் போனவர். அந்தக் காலத்துச் சாத்தேக்காரர் தட்டு நிறைய வைத்துவிட்டுப் போய்விடுவாராம். தின்று முடித்த பிறகு வெறுங்குச்சிகளை எண்ணிக் காசு வாங்குவாராம். முன்பின் தெரியாதவனையும் நம்பிய வியாபாரம்!

தெரு வியாபாரிகளை எல்லாம் 1986-க்குள் கூரைக்கு அடியில் குடியேற்றிய ஊர் இது. குழாயும் சாக்கடையும் கிடைத்தன. நல்ல காரியம், சந்தேகமில்லை. இப்போது ராத்திரிக்கு மட்டும் தெருவைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். புகையும் கூட்டமும் வந்துவிட்டன. அந்த நம்பிக்கைக்குத்தான் நாற்காலி போட மறந்துவிட்டார்கள் என்று எனக்குப் பட்டது.

எழுந்திருக்கும்போது பழக்கமில்லாத பழக்கமாய் என் குச்சிகளை எண்ணினேன். ஒன்பதுதான் இருந்தன. ஒன்று கீழே விழுந்திருக்க வேண்டும். கேட்பாரில்லை.