முதல் வேலைக்கு எந்த ஆப்?

கடைசி செமஸ்டரை முடித்த பி.காம்., பி.எஸ்சி. பிள்ளைகள் பலருக்கு லேப்டாப் கிடையாது. வேலை தேடுவதெல்லாம் போனில்தான். அதனால் நௌக்ரி, லிங்க்ட்இன், இன்டர்ன்ஷாலா, மத்திய அரசின் அப்ரண்டிஸ் தளமான நேட்ஸ் ஆகிய நான்கையும் சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே பயன்படுத்திப் பார்த்தேன். திருநெல்வேலியில் பி.காம். முடித்திருக்கும் என் அக்கா மகளின் விவரங்களைத்தான் எல்லாவற்றிலும் ஏற்றினோம்.

முதல் சிக்கல் ரெஸ்யூமேயிலேயே வந்தது. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஓரத்தில் கலர் பட்டை, வட்டத்துக்குள் போட்டோ என்று கேன்வாவில் அழகாகச் செய்து வைத்திருந்தாள். ஒரு தளத்தில் ஏற்றியதும் கல்லூரியின் பெயர் திறன்களுக்கான கட்டத்தில் போய் விழுந்தது. திறன்களில் எழுதியிருந்த டேலி காணாமலே போனது. மனிதர் பார்ப்பதற்கு முன்னால் மென்பொருள்தான் ரெஸ்யூமேயைப் படிக்கிறது. கட்டம், படம் எதுவும் இல்லாமல் மேலிருந்து கீழாக வேர்டில் தட்டச்சு செய்து, பி.டி.எஃப். ஆக்கி ஏற்றியதும் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தன. எந்த ஆப்பைத் திறப்பதற்கு முன்னும் இதை முடித்துவிடுங்கள்.

நௌக்ரி 1997-லிருந்து இருக்கிறது. இதில் ‘அப்ளை’ பட்டனை அழுத்திக்கொண்டே போவதுதான் எல்லோரும் செய்வது. ஆனால் ஹெச்.ஆர். ஆட்கள் வந்த விண்ணப்பங்களை மட்டும் பார்ப்பதில்லை. தளத்தில் குவிந்திருக்கும் ரெஸ்யூமேக்களில் தாங்களே தேடுகிறார்கள். ஊர், படிப்பு, திறன் ஆகியவற்றோடு, அண்மையில் யார் தளத்துக்கு வந்தார்கள் என்றும் சலித்தெடுக்க அவர்களுக்கு வசதி உண்டு. மாதக்கணக்கில் தொடாத புரொஃபைல் அந்தத் தேடலில் கண்ணிலேயே படாமல் போகலாம். தலைப்பு வரியும் முக்கியம். ‘கடின உழைப்பாளி’ என்று யாரும் தேடுவதில்லை. ‘பி.காம்., டேலி பிரைம், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், எக்செல்’ என்று மாற்றினோம். முன்பு வந்த அழைப்புகள் பெரும்பாலும் பாலிசி விற்கும் வேலைக்கு. பிறகு வந்தவை கணக்கு வேலைக்கு. வாரம் ஒருமுறை உள்ளே போய் ஒரு வரியாவது திருத்துங்கள்.

லிங்க்ட்இன்னில் வேலை விளம்பரங்களைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது கல்லூரிப் பக்கத்தில் இருக்கும் ‘அலுமினை’ பகுதி. அங்கே உங்கள் கல்லூரியில் படித்தவர்கள் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், என்ன பொறுப்பில் இருக்கிறார்கள் என்று பார்க்கலாம். வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு இப்படி ஒரு தொடர்பு வேறு எங்கே கிடைக்கும்? ‘சார், ப்ளீஸ் ரெஃபர்’ என்று எழுதினால் பதில் வராது. ‘அக்கா, நானும் நம்ம காலேஜ் பி.காம். தான். உங்க டீம்ல ஃப்ரெஷர் எடுப்பாங்களா? அதுக்கு என்ன கத்துக்கிட்டு வரணும்?’ என்று கேட்டுப் பாருங்கள். சீனியர்கள் மனசாரச் சொல்வார்கள்.

இன்டர்ன்ஷாலா படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உகந்தது. ஸ்டைஃபண்ட் எவ்வளவு, எத்தனை மாதம் என்பது விளம்பரத்திலேயே இருக்கும். படிப்பு முடிந்து, உடனே சம்பளம் வேண்டும் என்பவர்கள் இதை நம்பி உட்கார வேண்டாம்.

இப்போது நேட்ஸ். நான் இதைப் பற்றிப் பேசிய மாணவர்களில் பெரும்பாலோர் பெயரையே கேள்விப்பட்டதில்லை. எனக்கு ஆதங்கமே அதுதான். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ், பட்டம் அல்லது டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஓராண்டு வரை நிறுவனத்திலேயே பயிற்சியும் மாத உதவித்தொகையும் தரும் திட்டம் இது. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் நம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படித்தவர்களையும் எடுக்கிறார்கள். நெய்வேலி என்.எல்.சி., நம் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் அப்ரண்டிஸ்களை இதன் வழியாக எடுத்திருக்கின்றன.

தளம் வழவழவென்று இருக்காது. ஆதார், வங்கிக் கணக்கு, மதிப்பெண் பட்டியல் என்று கேட்டுக்கொண்டே போகும், படிவமும் நீளம். போனில் பொறுமை வேண்டும். பக்கத்துக் கணினி மையத்தில் உட்கார்ந்து முடிப்பது சுலபம். அறிவிப்பு வந்த பிறகு பதிவு செய்ய ஓடினால் கடைசித் தேதிக்குள் முடியாமல் போகலாம். ரிசல்ட் வந்ததும் பதிந்து, பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். பயிற்சி முடிந்தால் அதே இடத்தில் வேலை நிச்சயம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் ‘அனுபவம் உண்டா?’ என்று கேட்கும் அடுத்த இன்டர்வியூவில் மத்திய அரசின் சான்றிதழை எடுத்து வைக்க முடியும்.

எதில் தேடினாலும் பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், டிரெயினிங் ஃபீஸ் என்று வேலை தருவதாகச் சொல்பவர் பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

என் தீர்ப்பு: நௌக்ரியும் நேட்ஸும் கட்டாயம், லிங்க்ட்இன் சீனியர்களைப் பிடிக்க, இன்டர்ன்ஷாலா கல்லூரியில் இருக்கும்போதே. கலை, அறிவியல் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரிசல்ட் வந்த வாரமே ஒரு நாள் கம்ப்யூட்டர் லேபைத் திறந்துவிட்டு, முடித்த பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்து நேட்ஸில் பதிவு செய்ய வையுங்கள்.