நடுச்சாமத்தில் எழுப்பப்படும் பிள்ளை

திருகோணமலை உவர்மலையில் தங்கை வீட்டில் தங்கிய ஒரு மாரிகால இரவு. பதினொன்றரைக்குக் கைத்தொலைபேசியில் அலாரம் அடித்தது. அம்மா எழும்பி, பாயில் கிடந்த இரண்டரை வயதுப் பேரனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஈரத்தரையில் கால் பட்டதும் பிள்ளை சிணுங்கினான். "ஸ்ஸ்ஸ்... இரு ராசா" என்று அம்மா சொல்ல, கண்ணைத் திறக்காமலே சலம் போனான். திரும்பக் கொண்டுவந்து கிடத்தியபோதுதான் முழித்துக்கொண்டான். பிறகு ஒன்றரை மணித்தியாலம் தண்ணி கேட்டான், கதை கேட்டான், தகப்பனின் முதுகில் ஏறி விளையாடினான். மூன்று மணிக்கு அடுத்த அலாரம். ஐந்தரைக்குத் தங்கை வேலைக்குப் போக எழும்பியபோது பாய் நனைந்திருந்தது.

அம்மாவின் கை பழகிய கை. எங்கள் எல்லாரையும் அவர் அப்படித்தான் வளர்த்தார். கழுத்து நின்றதும் பிள்ளையைத் தன் கால்களில் இருத்தி, பால் குடித்த கையோடும் நித்திரையால் எழும்பிய கையோடும் ஸ்ஸ் என்று ஒலி எழுப்பிப் போகவைப்பது. நடக்கத் தொடங்கும் வயதில் பகலில் துணி நனைவது அருமையாகிவிடும். இந்தப் பகல் பழக்கத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஐப்பசியில் தொடங்கும் மழையில் நாட்கணக்காக நப்பி காயாமல் கொடியில் தொங்கும் ஊர் இது. 2022இல் ரூபாய் சரிந்து, இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறி, ஒரு பக்கெற் பாம்பர்ஸ் வாங்கவே யோசிக்கவேண்டி வந்தபோது, காலில் இருத்தத் தெரிந்த வீடுகள் ஓரளவு சமாளித்தன.

படித்தவர்களில் சிலர் இதைப் பழங்காலத்து அவசரம் என்று ஒதுக்குகிறார்கள். அது சரியல்ல. கிழக்கு ஆபிரிக்காவின் டிகோ மக்கள் பிள்ளை பிறந்து சில கிழமைகளிலேயே அதைப் பழக்கத் தொடங்கி, அரை வயதளவில் இரவும் பகலும் பெரும்பாலும் நனையாத நிலைக்குக் கொண்டுவருவதை 1977இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. வியட்நாமில் தாய்மார் விசிலடித்துப் பழக்குகிறார்கள். பிள்ளை ஆயத்தமாகும்வரை காத்திருக்கச் சொல்லும் முறை 1962இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசில்டன் எழுதிய கட்டுரையோடு பரவியது. அவர் பார்த்த 1,170 பிள்ளைகள் பகலில் பழகிய சராசரி வயது 28.5 மாதம். அதற்கு முந்திய வருடம்தான் அங்கே பாம்பர்ஸ் கடைக்கு வந்திருந்தது. ஆனாலும் பிரேசில்டனிடம் நாம் எடுத்துக்கொள்ளவேண்டிய ஒன்று உண்டு. பிள்ளையை வற்புறுத்தாதீர்கள் என்று அவர் சொன்னார். எங்கள் முறை இடறுவது அந்த இடத்தில்தான், அதுவும் இரவில்.

பகலில் பிள்ளை பழகுவது வேறு, இரவில் அதன் உடம்பு முதிர்வது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் பிழை. நித்திரையில் மூளையிலிருந்து சுரக்கும் வாசோப்பிரெசின் சிறுநீரகத்தைத் தண்ணீரை மிச்சம் பிடிக்க வைக்கிறது. இரவில் இந்தச் சுரப்பு கூடுவது ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் காலத்தில்தான் வரும். சலப்பை கொள்ளும் அளவை மருத்துவர்கள் ஒரு கணக்கால் மதிப்பிடுவார்கள்: வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்க மில்லிலீற்றர் வரும். இரண்டரை வயதில் அது நூறைச் சற்றுத் தாண்டும், ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்கும் குறைவு. ஐந்து வயதிலும் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் படுக்கையை நனைக்கிறார்கள். அதற்கு முன் நனைப்பதை மருத்துவம் ஒரு குறையாகவே எண்ணுவதில்லை. தாய் தகப்பன் இருவருக்கும் சிறுவயதில் அந்த வயதைத் தாண்டியும் இது இருந்திருந்தால், பிள்ளைகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கும் இருக்கும்.

அப்படியென்றால் தூக்கிக்கொண்டுபோய் இருத்துவதால் பலனே இல்லையா? இருக்கிறது, அது சிறியது. நெதர்லாந்தில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2009இல் வெளியான ஆய்வில், இரவில் தூக்கப்பட்டவர்கள் ஆறு மாதத்தில் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகக் காய்ந்த படுக்கையில் எழும்பினார்கள். சில வருடம் கழித்துப் பார்த்தபோது வேறுபாடு இல்லை. பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல் வெளியிடும் நைஸ் நிறுவனமும் 2010இல் இதையே சொன்னது: நேரம் வைத்து எழுப்புவது நிலையான பலன் தராது, ஒரு பயணத்துக்கோ ஒரு நாளைக்கோ கைகொடுக்கும். காரணம் விளங்குவது கஷ்டமல்ல. பதினொரு மணியளவில் பிள்ளை இருப்பது ஆழ்ந்த நித்திரையில். வளர்ச்சிக்கான ஹோர்மோன் கூடுதலாகச் சுரப்பதும் அந்த நித்திரையில்தான். அப்போது இருத்தினால் பிள்ளை நித்திரையிலேயே போகிறது. சலப்பை நிறைந்தால் எழும்பவேண்டும் என்ற பாடம் அங்கே நடப்பதில்லை. ஒன்றிரண்டு வயதில் பகல் நித்திரையோடு சேர்த்து 11 முதல் 14 மணித்தியாலமும், மூன்று முதல் ஐந்து வயதில் 10 முதல் 13 மணித்தியாலமும் தேவை. அதில் ஒன்றரை மணித்தியாலத்தை அலாரத்துக்குக் கொடுப்பது பெரிய விலை. அந்த விலையில் பாதியைத் தாய் கட்டுகிறாள்.

டிகோ பிள்ளைகள் இரவிலும் காய்ந்திருந்தார்களே என்று கேட்கலாம். அங்கே பிள்ளை தாயோடு ஒட்டிக் கிடக்கிறது. அது நெளிந்தால் தாய் எழும்புகிறாள். எங்கள் அம்மாமாரும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஒரே பாயில் படுத்து, பிள்ளை கால் உதறியதும் இருட்டில் பின்வளவு வாசல்வரை கொண்டுபோய், அது முழிக்க முதல் திரும்பினார்கள். நெளிவு இருந்த இடத்தில் இன்று அலாரமும், இருட்டு இருந்த இடத்தில் வெள்ளை வெளிச்சமும் வந்துவிட்டன. பழக்கத்தின் பெயர் பழையது, செய்யும் விதம் புதிது. அதனால் எனக்கு அம்மாவில் கோபமில்லை.

மலம் போகும் விஷயத்தைப் பலர் நித்திரையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. குந்தும் மலசலகூடக் குழியைக் கண்டு பயந்து, அல்லது "இரு, போ" என்ற அதட்டலில், பிள்ளை அடக்கப் பழகுகிறது. இறுகிய மலம் சலப்பையை நெருக்க இரவில் நனைகிறது, வயிறு நொந்து முழிக்கிறது. இலங்கையில் 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் ராஜிந்திரஜித்தும் சகாக்களும் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில் 15.4 சதவீதத்தினருக்கு மலச்சிக்கல் இருந்தது. போர் பாதித்த பகுதிகளில் அது கூடுதல். எங்கள் மாவட்டத்தில் பிள்ளை வளர்ப்பவர்கள் இதை இலேசாக எடுக்கக்கூடாது. போர்க்காலத்தில் முகாமில் ஒரு மலசலகூடத்துக்கு வரிசையில் நின்ற தலைமுறைதான் இன்று பெற்றோராக இருக்கிறது.

வெட்கப்படுத்துவதை மட்டும் என்னால் எந்தப் பக்கத்திலும் நின்று நியாயப்படுத்த முடியாது. நனைந்த பாயை முற்றத்தில் விரித்து, "பாருங்கோ, பெரிய ஆம்பிளை" என்று அயலுக்குச் சொல்வதை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை அடுத்த இரவு படுக்கப் பயப்படும்.

தங்கை வீட்டில் இப்போது அலாரம் இல்லை. படுக்க முதல் ஒருதரம் இருத்துகிறார்கள். கச்சான் காற்றடிக்கும் நாட்களில் பின்னேரத்திலேயே நன்றாகத் தண்ணி குடிக்கக் கொடுத்து, இரவுச் சாப்பாட்டோடு குறைக்கிறார்கள். பாயில் றப்பர் விரிப்பு, அதன்மேல் பழைய சாரத் துண்டு. மருமகனுக்கு மூன்றரை வயது. கிழமைக்கு இரண்டு தரம் நனைக்கிறான், விடியும்வரை நித்திரை கொள்கிறான். அம்மா இன்னும் அவனுக்குப் பக்கத்தில்தான் படுக்கிறார், ஒரு கையை அவன் இடுப்பில் வைத்தபடி. அவன் நெளிந்தால் மட்டும் எழும்புகிறார், விளக்கைப் போடாமல்.