தூதனுக்குக் காத்திருந்த சோழன்

பார்த்திபனை எனக்கு முதலிலிருந்தே பிடிக்கும். ஆனால் 'ஆயிரத்தில் ஒருவன்' பார்த்த பிறகு அவரை எந்த வேடத்தில் கண்டாலும் அந்தச் சோழராசாதான் கண்ணுக்குள் வந்து நிற்கிறார். எம்.ஜி.ஆர். நடித்த 1965ஆம் ஆண்டுப் படத்தைச் சொல்லவில்லை. செல்வராகவன் எடுத்து, 2010 தைப்பொங்கலுக்கு வெளிவந்த படத்தைச் சொல்கிறேன். தமிழில் இப்படியொரு கற்பனைப் படம் முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. அடித்துச் சொல்லுவேன்!

கதை 1279இல் தொடங்குகிறது. சோழப் பேரரசு சரிய, பாண்டியர் கையில் அகப்படாமல் இளவரசனையும் மக்கள் கொஞ்சப்பேரையும் கடல்கடந்து அனுப்பிவிடுகிறார்கள். பாண்டியரின் தெய்வச் சிலையும் அவர்களோடு போய்விடுகிறது. நம் காலத்தில் ஒரு குழு அவர்களைத் தேடிப் புறப்படுகிறது. குழுவை நடத்துபவள் அனிதா (ரீமா சென்). காணாமற்போன தொல்லியலாளரான தகப்பனைத் தேடி வருகிறாள் லாவண்யா (ஆண்ட்ரியா). சுமை தூக்க வந்த கூலியாட்களின் தலைவன் முத்து (கார்த்தி). கடலில் ஒரு பொறி, காட்டில் ஒரு பொறி, பாம்பு, பசி, புதைமணல் என்று வழி நெடுகச் சாவு.

புதைமணல் காட்சி ஒன்றுக்காகவே படத்தைத் திரும்பப் பார்க்கலாம். சூரியன் சாய்கிறது. மணலில் நிழல் மெல்ல மெல்ல நீண்டு வருகிறது. என்ன நிழலென்று விளங்காமல் நாங்களும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். திடீரென்று அது தூக்கிய திருவடியோடு நடராசராய் விரிகிறது! அந்த நிழலுக்குள் கால் வைத்தால் உயிர், வெளியே வைத்தால் மணல் விழுங்கிவிடும். நிழல் கலையமுன் மூன்று பேரும் ஓடிக் கடக்கவேண்டும். ராம்ஜியின் கமராவும் ஜி.வி.பிரகாஷின் இசையும் சேர்ந்து அந்த இடத்தில் மயிர்க்கூச்செறிய வைத்துவிடுகின்றன.

இவ்வளவும் முன்பாதிதான். படத்தின் உயிர் அதற்குப் பிறகு வருகிறது.

சோழர் என்றால் பொன்னும் பட்டும் யானையும் என்று பழகிய கண்ணுக்குச் செல்வராகவன் காட்டுவது கரிபிடித்த உடம்புகளை. இருட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கிற, எலும்பு தெரியும் மனிதர்கள். தாயொருத்தி பசித்த பிள்ளைக்கு மார்பைப் பிழிகிறாள், இரத்தம் வருகிறது. ஒருநாள் தூதன் வருவான், தஞ்சைக்குக் கூட்டிப்போவான் என்ற ஒரே நம்பிக்கையில் தலைமுறை தலைமுறையாய் அவர்கள் உயிர் வைத்திருக்கிறார்கள். 'பெம்மானே' பாட்டில் அந்தச் சனத்தின் முறைப்பாடு முழுக்க இருக்கிறது. பி.பி.ஸ்ரீநிவாசும் பம்பாய் ஜெயஸ்ரீயும் பாடியிருக்கிறார்கள். தனியாக இருந்து கேட்டுப் பாருங்கள்.

அந்தச் சனத்துக்கு நடுவில் இருக்கிற ராசாவின் தனிமை இன்னும் பெரியது. மற்றவர்கள் அவரிடம் அழலாம், அவர் யாரிடம் அழுவது? பார்த்திபன் சிரிக்கிறார், செருக்காய் நடக்கிறார், 'தாய் தின்ற மண்ணே' பாட்டில் ஆடுகிறார். அந்த ஆட்டத்திலேயே அழுகை தெரிகிறது. என்ன நடிப்பு!

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாட, பிபிசி தமிழோசைக்குக் காது கொடுத்திருப்போம். வெளியுலகம் எங்களைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்லாதா என்ற ஏக்கம். 2006 ஆகஸ்டில் குடாநாட்டுக்குத் தரைவழியான ஏ-9 வீதி பூட்டப்பட்டபோது திரும்பவும் அதே கதை. சங்கக்கடை வாசலில் வரிசை, கொழும்புக்குப் போகக் கிளியரன்ஸ், அது கிடைத்தாலும் கப்பலிலோ விமானத்திலோ இடம் வரும்வரை காவல். ஒரு தனி மனிதனின் தனிமையைச் சொன்ன படங்கள் எத்தனையோ உண்டு. ஒரு சனமே தனித்துப்போனால் எப்படியிருக்கும் என்று காட்டிய தமிழ்ப்படம், நானறிய, இது ஒன்றுதான்.

அந்தச் சோழரிடம் கடைசியில் 'நானே தூதன்' என்று வந்து நிற்பவள் அனிதா. அவள் பாண்டிய வம்சம், வந்தது பழி தீர்க்க. அவளையும் என்னால் வெறுக்க முடியவில்லை. முன்னோரின் பகையைச் சுமக்கவே வளர்க்கப்பட்டவள், மனம்விட்டுப் பேச ஒருவருமில்லாதவள். உண்மையான தூதன் முத்துவுக்கோ அந்தச் சனம் பேசும் பழந்தமிழே பிடிபடுவதில்லை. பிறகு துவக்குகளோடு படை வருகிறது. பிடிபட்ட ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடப்பதைப் பார்க்கக் கல்நெஞ்சு வேண்டும்.

2009 மேயில் போர் முடிந்து எட்டு மாதத்தில் வந்த படம். எங்கட ஆக்களில் யார்தான் இதை வெறும் கதையென்று பார்த்திருப்பார்கள்? வன்னியிலிருந்து முகாம் வழியாக வந்து சேர்ந்த மாமி, எங்கள் வீட்டில் சீடி ஓடிக்கொண்டிருந்தபோது அந்தத் தாயின் காட்சியில் எழும்பிவிட்டா. "நிப்பாட்டு தம்பி, காணும்" என்று மட்டும் சொன்னா. நான் வாசித்த எந்த விமர்சனமும் இந்தப் படத்தைப் பற்றி அவ்வளவு சொன்னதில்லை.

குறை இல்லையா? இருக்கிறது. கிராபிக்ஸ் சில இடங்களில் பல்லிளிக்கிறது, முன்பாதியில் பகிடி என்ற பெயரில் வருகிற சிலதை வெட்டியிருக்கலாம். அதெல்லாம் எனக்குத் தூசு! வந்த காலத்தில் ஏற்றவர்கள் பாதி, தூற்றியவர்கள் பாதி. இன்றைக்கு இளசுகள் கொண்டாடுகிறார்கள். 2021 புத்தாண்டன்று தனுஷை வைத்து இரண்டாம் பாகம் அறிவித்தார்கள், அது இன்னும் வந்தபாடில்லை.

2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. அதை நடத்துபவர்களிடமும் ராஜா தியேட்டர்காரரிடமும் ஒரே ஒரு வேண்டுகோள்: இந்தப் படத்தை ஒருமுறை பெரிய திரையில் போடுங்கள். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் பிள்ளைகளைப் படுக்க அனுப்பிவிட்டு, கைப்பேசியில் பார்க்காமல் நல்ல ஒலியோடு வீட்டுத் திரையில் பாருங்கள்.