‘வீடற்றவன்’ உணர்த்தும் உண்மை

மலைநாட்டுத் தோட்டங்களில் இடதுசாரி இயக்கம் வேரூன்றாமைக்குக் காரணம் கூறப் புகுவோர் பலரும் தொழிலாளரின் பழைமைப் பற்றையே சுட்டுவர். மாரியம்மன் விழாவிலும் காமன் கூத்திலும் தோய்ந்த மக்கள், பெரிய கங்காணியைத் தந்தையெனவும் துரையைத் தெய்வமெனவும் கொண்டொழுகினர்; ஆதலின் புதுக்கொள்கை அவர் நெஞ்சிற் புகவில்லை என்பது அன்னார் துணிபு. இத்துணிபு பொருந்துமா என ஆராய்தற்குச் சி. வி. வேலுப்பிள்ளை இயற்றி, 1981இல் நூலுருப்பெற்ற ‘வீடற்றவன்’ என்னும் நாவல் பெரிதும் துணைசெய்கின்றது.

தோட்டத்திற் சங்கம் அமைக்க முற்பட்ட தொழிலாளியொருவன் வேலையையும் இருப்பிடத்தையும் இழத்தலே இந்நாவலின் பொருள். தலைப்பே நூலின் வாதமாய் அமைந்தமை கருதத்தக்கது. சொந்தக் குடிசையுடைய குடியானவன் ஊராரைப் பகைத்துக்கொண்டாலும் படுக்க இடம் உண்டு. தோட்டத் தொழிலாளி உறங்கும் லயன் அறையோ தோட்டத்துக்கே உரியது. பற்றுச்சீட்டுக் கொடுத்து விலக்கப்பட்டால், வேலையோடு வீடும் போம். உற்றார் நடுவே வாழும் வாழ்வும் போம். ஆகவே அவனது மௌனத்தைப் பக்தியின் விளைவெனக் கொள்ளுதல் பிழையாகும். இழப்பின் அளவை நன்கறிந்தவனது அச்சம் அது.

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களின் வரலாறும் இதற்குச் சான்றாகும். மடுல்கலையில் றெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பயில வந்து, பின் சமசமாஜக் கட்சியிற் சேர்ந்த பிறேஸ்கேடிள் என்னும் வெள்ளையரை நாடுகடத்த 1937இல் ஆள்பதி ஆணையிட்டார். உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1940 சனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், சமசமாஜிகளின் சங்கத்தைச் சார்ந்து தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, பொலிசார் சுட்டுக் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர்துறந்தார். அம்மனுக்கு விழாவெடுத்த மக்களே வேலைநிறுத்தமும் செய்தனர். தெய்வ நம்பிக்கை அவர் காலைத் தடுத்திலது.

எனினும் நாவலுக்கு ஓர் எல்லையுண்டு. அஃது ஒருவனது வீழ்ச்சியையே மையமாகக் கொள்கின்றது. வீடற்றவன் ஒருவனாயின் நாடற்றவர் பல்லாயிரவர். 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற வேலுப்பிள்ளை இதனை அறியாதவரல்லர். அடுத்த ஆண்டிலே குடியுரிமைச் சட்டமும், 1949இல் தேர்தற் சட்டத் திருத்தமும் வந்து, அவரைத் தெரிந்தனுப்பிய மக்களிற் பெரும்பாலாரை வாக்கற்றவராக்கின.

குடியுரிமைச் சட்டத்தை இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தன. அஃது அவற்றிற்குப் பெருமையே. ஆயின் 1964 யூனில் சமசமாஜக் கட்சி அரசாங்கத்திற் சேர்ந்தது. அவ்வரசாங்கமே அவ்வாண்டு ஒக்டோபரில், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப உடன்பட்டது. அம்மக்களிடம் ஒருசொற் கேட்டாரில்லை. செங்கொடிச் சங்கங்கள் சில பின்னரும் தோட்டங்களில் உழைத்தன என்பது மெய்யே. ஆயினும் ஆட்சியிலமர்ந்த தோழர்க்கு, வாக்கற்றவரை மறத்தல் எளிதாயிற்று. இதற்குப் பின்னரும் தொழிலாளரின் பழைமையைப் பழித்தல் நடுநிலையான திறனாய்வாகாது.

எஞ்சியிருந்த நாடற்றவர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கிற்று. குடியுரிமை பெற்ற பின்னரும், தாம் வாழும் லயன் அறைக்கு உறுதி பெறாத குடும்பங்கள் தோட்டங்களிற் பலவுள. அக்குடும்பங்கட்கு இந்நாவலின் தலைப்பு இன்றும் கதைப்பெயர் அன்று. சங்கம் அமைக்க வருவோர் எவராயினும், கொள்கை விளக்கத்திற்கு முன் இந்நூலைக் கற்பாராக.