அசைவும் அதன் பயனும்: இணையத்தள அசைவூட்டம் பற்றிய ஒரு நோக்கு

கலை இலக்கியத்தில் உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்குமுள்ள உறவு பற்றிய விவாதம் நமக்குப் புதியதன்று. உருவம் உள்ளடக்கத்தினின்றும் பிரிந்து, தானே நோக்கமாகிவிடும்பொழுது, அது யாருக்குப் பயன்படுகின்றது என்ற வினா எழுகின்றது. இணையத்தளங்களிற் பெருகிவரும் அசைவூட்டம் குறித்தும் இவ்வினாவை எழுப்புதல் அவசியமாகும். எழுத்துக்கள் மிதந்து வந்து அமர்கின்றன; முன்னணிப் படமும் பின்னணிப் படமும் வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன; பட்டைகள் தாமே சுழல்கின்றன. இவை யாவும் 'பயனர் அனுபவம்' என்ற பெயராற் சிறப்பிக்கப்படுகின்றன.

இவ்வசைவின் இலக்கணம் கணினித்துறையிற் பிறந்ததன்று. டிஸ்னி நிறுவனத்தின் ஓவியர்களான பிராங் தோமஸ், ஒலி ஜோன்ஸ்ரன் ஆகிய இருவரும், அங்கு பல்லாண்டுக்கால உழைப்பினூடு உருவான 12 விதிகளை 1981இல் வெளியிட்ட நூலிலே தொகுத்தளித்தனர். செயலுக்கு முன் அதன் அறிகுறி தோன்றுதல், அசைவு மெல்லத் தொடங்கி மெல்ல ஓய்தல் என்பன அவற்றுட் சில. 1987இல் ஜோன் லசெற்றர் அவ்விதிகளைக் கணினி அசைவூட்டத்துக்குப் பொருத்திக் காட்டினார். 1993இல் பே-வெய் சாங், டேவிட் உங்கர் ஆகியோர் கேலிச்சித்திரப் படங்களின் உத்திகளைக் கணினி இடைமுகத்துக்குக் கொணர்ந்தனர். திரையிலுள்ள பொருளொன்று திடீரென மறைந்து வேறிடத்தில் தோன்றுமாயின், நிகழ்ந்தது யாதென்பதைப் பயனர் ஊகித்தறிய வேண்டியுள்ளது. அது நகர்ந்து செல்வதைக் கண்ணாற் காண்பாராயின் அச்சுமை குறைகின்றது. இதுவே அவர்தம் வாதத்தின் சாரமாகும்.

இவ்வாதம் வலுவானதே. எனினும், திரைப்படம் பார்ப்பவர் அசைவைக் காண்பதற்கே வருகின்றார். இணையத்தளத்தை நாடுபவரோ பெரும்பாலும் ஓர் அலுவலை முடிப்பதற்கு வருகின்றார். பட்டியலினின்றும் நீக்கிய பொருள் ஒடுங்கி மறைவதும், தவறாக நிரப்பிய கட்டம் சற்றே அதிர்ந்து தவற்றை உணர்த்துவதும் அவ்வலுவலுக்குத் துணைபுரிவன. தானே சுழலும் விளம்பரப் பட்டையோ வாசகரின் கவனத்தைப் பறித்து விற்பனையாளரிடம் ஒப்படைக்கின்றது. முன்னையது உள்ளடக்கத்தின் பகுதி. பின்னையது வாணிபத்தின் கருவி. 1990களின் பிற்பகுதியிலிருந்து பல தளங்களின் வாயிலை மறித்து நின்ற 'பிளாஷ்' அறிமுகக் காட்சிகள் இப்போக்கின் உச்சமாக அமைந்தன. 2020ஆம் ஆண்டின் இறுதியோடு பிளாஷ் கைவிடப்பட்டது, போக்கோ கைவிடப்படவில்லை.

அசைவு உடலையும் பாதிக்கவல்லது என்பதை 2013இல் வெளிவந்த அப்பிள் கைப்பேசி இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பு உணர்த்திற்று. அதன் பெரிதாகிப் பாயும் காட்சிமாற்றங்கள் தமக்குத் தலைச்சுற்றலையும் குமட்டலையும் ஏற்படுத்துவதாகப் பயனர் பலர் முறையிட்டனர். அவ்வாண்டிலேயே, அசைவைக் குறைக்கும் தெரிவினைப் பயன்படுத்துவோருக்கு அம்மாற்றங்கள் மெல்ல மங்கித் தோன்றுவனவாக மாற்றப்பட்டன. உட்செவியின் சமநிலையுணர்வு பாதிப்புற்றோருக்கு, இணையத்தளங்களில் வெவ்வேறு வேகத்தில் நகரும் படங்களும் இத்தகைய இடரையே விளைக்கலாம். பயனர் தம் கருவியிற் செய்த இத்தெரிவை இணையத்தளம் அறிந்துகொள்ளும் வசதி 2017இல் சஃபாரி உலாவியில் இடம்பெற்று, பின்னர் ஏனைய உலாவிகளுக்கும் பரவிற்று.

ஆயின், உரிமை என்ற நிலையில் இதன் இடம் யாது? உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல் வழிகாட்டி தன் விதிகளை மூன்று படிகளாக வகுத்துள்ளது. ஏனைய உள்ளடக்கத்தோடு சேர்ந்து, தானாகத் தொடங்கி ஐந்து விநாடிக்கு மேல் நீடிக்கும் அசைவை நிறுத்த வழியிருத்தல் வேண்டும் என்பது முதற்படியைச் சார்ந்தது. பயனரின் செயலாலே தூண்டப்படும், இன்றியமையாததல்லாத அசைவை நிறுத்த வழியிருத்தல் வேண்டும் என 2018இற் சேர்க்கப்பட்ட விதியோ மூன்றாம் படியில் வைக்கப்பட்டது. அணுகல் பற்றிய சட்டங்கள் பொதுவாக முதலிரு படிகளையே வற்புறுத்துவன. ஆகவே, பக்கத்தை உருட்டியவுடன் தலைசுற்றும் ஒருவரின் நலம் பெரும்பாலும் நிறுவனங்களின் நல்லெண்ணத்துக்கே விடப்பட்டுள்ளது.

அசைவு யாவும் வேண்டா என்பது வரட்டுவாதமாகும். அழகுணர்ச்சியை நாம் மறுக்கவில்லை. ஆனால், தன்னை நிறுத்தும் அதிகாரத்தைப் பயனருக்கு வழங்காத அழகு, அழகின் பெயரால் நிகழும் ஆதிக்கமே. ஓர் அசைவை மதிப்பிடும்பொழுது, அது எத்துணை நயமாக அசைகின்றது என்பதோடு நாம் அமைதல் ஆகாது. அது யாருக்காக அசைகின்றது, அதனை நிறுத்தும் உரிமை யாரிடம் உள்ளது என்றும் வினவுதல் வேண்டும்.