படிகளும் கமிற்றிகளும்: தூக்கிச் செல்லப்பட மறுத்த ஒரு நண்பரை முன்வைத்து

எமது புகலிட இலக்கியக் கூட்டங்களில் கடந்த முப்பது வருடங்களாக அதிகம் புழங்கிய சொற்களைப் பட்டியலிட்டால் ‘விளிம்புநிலை’ என்ற சொல் முதல் மூன்றுக்குள் வரும். தலித்தியம், பெண்ணியம், சிறுபான்மையினருள் சிறுபான்மையினர் என்று நாம் பேசாதது எதுவுமில்லை. பேசியது தவறு என்பதல்ல என் வாதம். அந்தப் பேச்சுகள் எங்கே நிகழ்ந்தன என்பதுதான் கேள்வி. நானறிந்தவரை கிழக்கு லண்டனில் அவற்றிற் பல ஏதாவதொரு கடையின் மேல்மாடியில் நிகழ்ந்தன. ஒடுங்கிய படிக்கட்டு, இடையில் ஒரு திருப்பம், கைபிடி ஒரு பக்கத்தில் மட்டும். நாம் வழமையாகக் கூடும் இடத்தில் பதினெட்டுப் படிகள். இந்தக் கணக்கு எனக்கு இப்போது தெரியும். பத்து வருடங்கள் ஏறி இறங்கியபோது தெரியாது.

எமது கூட்டங்களில் மிகக் கூர்மையாகக் கேள்வி கேட்கும் நண்பர் ஒருவர் இருந்தார். ஊரிலே கண்ணிவெடியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பொய்க்காலுடன் வந்துபோவார். பின்னர் நீரிழிவு மற்றக் காலையும் பலவீனமாக்க, சக்கர நாற்காலிக்கு வந்தார். கூட்டங்களுக்கு வருவது நின்றது. இதற்கு நாம் கண்ட விளக்கங்கள் சுவாரசியமானவை. “ஆள் இப்ப ஒதுங்கிப்போனார்” என்றார் ஒருவர். “விரக்தி” என்றார் இன்னொருவர். அவருடைய அரசியல் மாறிவிட்டதென்றுகூட ஒரு வியாக்கியானம் உலவியது. படிக்கட்டைப் பற்றி எவரும் பேசவில்லை. கூட்ட ஏற்பாட்டாளர்களில் ஒருவனான நானும் பேசவில்லை.

ஒருநாள் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். “வாங்கோ அண்ணை, நாங்கள் நாலு பேர் நிக்கிறம். தூக்கிக்கொண்டு போவம்” என்றேன். அவர் சொன்னார்: “தம்பி, நான் கூட்டத்துக்கு வரப் பாக்கிறன். சாமி மாதிரி வீதிவலம் வரப் பாக்கேல்லை.”

இந்தக் குறிப்புகள் அந்தப் பதிலிலிருந்து தொடங்குகின்றன.

*

அவரும் நானும் செவன் கிங்ஸில் வசிக்கிறோம். இந்த இடத்தின் புகையிரத நிலையம் 1899இல் திறக்கப்பட்டது. லண்டனைக் கிழக்கு மேற்காக ஊடறுக்கும் குறொஸ்ரெயில் திட்டத்துக்கான சட்டம் 2008இல் நிறைவேறியது. பல பில்லியன் பவுண்கள் செலவிடப்படவிருந்த அத்திட்டத்தின் நாற்பது நிலையங்களில் ஏழுக்குப் படியில்லாத வழி திட்டத்திலேயே இருக்கவில்லை. கிழக்கே மேரிலாண்ட், மனோர் பார்க், செவன் கிங்ஸ்; மேற்கே ஹான்வெல், ஐவர், லாங்லி, ரப்லோ. கிழக்கிலே விடுபட்ட மூன்றைச் சுற்றியும் குடியேறிகள் செறிந்து வாழ்கிறார்கள் என்பதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள விரும்புவோர் எடுத்துக்கொள்ளட்டும்.

2014 ஒக்ரோபரில் இந்த ஏழு நிலையங்களுக்கும் லிப்ற்றும் ஏனைய வசதிகளும் செய்ய 33 மில்லியன் பவுண் ஒதுக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இடையில் நிகழ்ந்தது என்ன? அதிகாரிகளுக்குத் திடீரென இரக்கம் சுரக்கவில்லை. ‘ரான்ஸ்போட் போர் ஓல்’ என்ற, மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் முன்னின்று நடத்திய அமைப்பு விடாமல் வேலை செய்தது. மனுக் கொடுத்தார்கள், அரசியல்வாதிகளைத் துளைத்தார்கள், வீதிக்கும் வந்தார்கள். இன்று செவன் கிங்ஸில் லிப்ற் இருக்கிறது. சூட்கேஸ் கொண்டு வருபவர், பிள்ளை வண்டி தள்ளும் தாய், ஷிவ்ற் முடிந்து முழங்கால் நோவோடு வரும் நான் என்று எல்லோரும் அதில் ஏறுகிறோம். அது யாருடைய உழைப்பு என்று எம்மில் எவருக்கும் தெரியாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. எலிசபெத் லைன் என்று இப்போது அழைக்கப்படும் இப்பாதையில் பாடிங்டனிலிருந்து வூலிச் வரையும், ஹீத்ரோவிலும் மேடையும் ரயில் தளமும் ஒரே மட்டம். செவன் கிங்ஸில் அப்படியல்ல. லிப்ற் மேடைவரை கொண்டுவரும். மேடைக்கும் ரயிலுக்கும் இடையிலான இடைவெளிக்கு ஊழியர் ஒருவர் பலகை கொண்டுவந்து போடவேண்டும். அதாவது நகரின் நடுவில் உரிமை, புறநகரில் உதவி. உதவி நல்லதுதான். ஆனால் உதவிக்கு ஒருவர் காத்திருக்க வேண்டும், உரிமைக்கு அது வேண்டியதில்லை.

*

‘கமிற்றி’ என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர் முகத்தில் ஏளனம் வரும். இயக்கங்களின் மத்திய குழுக்களையும் கோயில் பரிபாலன சபைகளையும் கண்ட எமக்கு அது இயல்பே. எனினும் மாற்றுத்திறனாளிகளுக்கான நகரசபை ஆலோசனைக் குழுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கூர்ந்து பார்த்தபோது என் ஏளனம் சற்றுக் குறைந்தது. அங்கே நடப்பது சலிப்பூட்டும் வேலை. கட்டட வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு கதவு எத்தனை சென்ரிமீற்றர், கழிவறைக்குள் நாற்காலி திரும்புமா, நடைபாதை விளிம்பு எங்கே தாழ்கிறது, பார்வையற்றவரின் கோலுக்குத் தட்டுப்படும் புடைப்புக் கற்கள் சரியான இடத்தில் பதிக்கப்பட்டுள்ளனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்பது. கேட்டதைக் குறிப்பில் ஏற்றுவது. அடுத்த கூட்டத்தில் அதே குறிப்பை எடுத்து “செய்தீர்களா?” என்று மீண்டும் கேட்பது.

இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி ஓர் எளிய கணக்கைச் சொல்கிறது. பத்து மீற்றர் நீளமான சரிவுப் பாதை 1:20 என்ற விகிதத்தை மீறக்கூடாது. இரண்டு மீற்றர் மட்டுமே நீளமானால் 1:12 வரை போகலாம். அதன்படி அரை மீற்றர் உயரமுள்ள வெறும் மூன்று படிகளுக்கு மாற்றாகப் பத்து மீற்றர் சரிவு வேண்டும். எமது மண்டபமொன்றில் மூன்று படிகளின் மேல் ஓர் ஒட்டுப்பலகையைச் சாய்த்துவைத்துவிட்டு ‘வசதி செய்தாயிற்று’ என்றார்கள். அது சரிவுப் பாதையல்ல, சறுக்குமரம். இந்தக் கணக்கைத் தெரிந்த ஒருவர், அதிலே தினமும் உருள வேண்டிய ஒருவர், நிர்வாகத்தில் இருந்திருந்தால் அந்தப் பலகை அங்கே வந்திராது.

ஆகவே யார் கமிற்றியில் இருக்கிறார் என்பதே பிரச்சினை. எம்மவர் பெருந்தொகையாக வாழும் ஒன்ராறியோவில் 2005ஆம் ஆண்டுச் சட்டம், பத்தாயிரம் பேருக்குக் குறையாத சனத்தொகை கொண்ட ஒவ்வொரு நகரசபையும் இத்தகைய குழுவொன்றை அமைக்க வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினரில் பெரும்பான்மையினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பொது நிறுவனங்கள் சமத்துவத்தை ‘உரிய கவனத்தில்’ எடுக்க வேண்டும் என்கிறதே தவிர, இப்படியொரு குழுவைக் கட்டாயமாக்கவில்லை. உரிய கவனம் என்பது எவ்வளவு கவனம்? தீர்மானத்தை எடுத்துவிட்டு, தேநீரும் பிஸ்கற்றும் கொடுத்து, ‘ஆலோசிக்கப்பட்டது’ என்று கட்டத்தில் ஒரு சரி போடுவதற்கும் அந்தச் சொல் இடம் தருகிறது.

ஒன்ராறியோவை நான் சொர்க்கமாக்க வரவில்லை. அங்கேயும் குழு ஆலோசனை சொல்லலாம், ஆணையிட முடியாது. 2025 ஜனவரி முதலாம் திகதிக்குள் மாகாணம் முழுவதையும் தடையற்றதாக்குவது என்பது அச்சட்டத்தின் இலக்கு. அந்தத் திகதி கடந்துவிட்டது, இலக்கு எட்டப்படவில்லை. அதிகாரமற்ற கமிற்றி ஒரு சடங்கு. ஆனால் கமிற்றியே இல்லாத இடத்தில் கோபம் பதிவின்றிக் கரைந்துபோகிறது. செவன் கிங்ஸ் லிப்ற் எனக்குக் கற்பித்தது, உள்ளே குறிப்பெடுப்பவரும் வெளியே வீதியில் நிற்பவரும் ஒருவருக்கொருவர் தேவை என்பதை.

*

இந்தச் சிந்தனைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் எம்மைப் போன்ற அகதி என்பதை நான் அண்மையிற்றான் அறிந்தேன். விக் ஃபின்கெல்ஸ்ரைன் தென்னாபிரிக்காவில் பிறந்த யூதர். 1954இல் கோலூன்றிப் பாயும்போது கழுத்து முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். நிறவெறிக்கெதிராக இயங்கியமைக்காகச் சிறையிலிடப்பட்டு, பின் தடையுத்தரவுக்குள்ளாகி, 1968இல் பிரித்தானியாவில் தஞ்சம் புகுந்தார். இங்கே போல் ஹன்ற் என்பவர், விடுதிகளில் அடைக்கப்பட்டிருந்த தம்மைப் போன்றோர் ஒன்றுசேர வேண்டுமென 1972இல் கார்டியன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து எழுந்த அமைப்பில் ஃபின்கெல்ஸ்ரைன் முக்கிய பங்கெடுத்தார். 1976இல் அவர்கள் வெளியிட்ட அடிப்படைக் கோட்பாடுகளின் சாரம் இது: உடலின் குறை வேறு, இயலாமை வேறு, இயலாமை என்பது சமூகம் அந்த உடலின்மேல் சுமத்துவது. இதற்குச் ‘சமூக மாதிரி’ என்ற பெயரை மைக் ஒலிவர் 1983இல் வழங்கினார்.

சக்கர நாற்காலிக்காரர் மட்டுமே வாழும் ஒரு கிராமத்தை ஃபின்கெல்ஸ்ரைன் கற்பனை செய்தார். அங்கே கதவும் கூரையும் தாழ்வானவை. நடந்து வருபவர் தலையை இடித்துக்கொள்கிறார். உடனே அவருக்கு மருத்துவமும் தலைக்கவசமும் தரும ஸ்தாபனமும் ஏற்பாடாகின்றன. ‘வெள்ளையர் மட்டும்’ என்ற பலகையைக் கண்டு வளர்ந்த ஒருவருக்குப் படிக்கட்டும் ஒரு பலகையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த எமக்கு அது ஏன் தெரியவில்லை என்பதே வியப்பு.

என் பக்டரி அனுபவம் ஒன்றையும் இங்கு சொல்லவேண்டும். முன்னர் விரிவுரையாளனாக இருந்தவன் இப்போது பெட்டி அடுக்குகிறேன். நான் வேலை செய்யும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு படிகூடக் கிடையாது. வாசல்கள் அகலம், நிலம் கண்ணாடிபோல் மட்டம். ஏனென்றால் பலற் வண்டி உருள வேண்டும். தொழிலாளர் சாப்பிடும் அறை மட்டும் மேல்மாடியில், படியேறித்தான் போகவேண்டும். சரக்குக்குச் சமதளம், மனிதருக்குப் படி. தேவையென்று கருதினால் இந்த உலகம் எவ்வளவு இலகுவாகச் சமதளமாகிறது என்பதற்கு வேறு நிரூபணம் வேண்டாம்.

*

“யுத்தத்தில் அவயவம் இழந்த எத்தனையோ பேர் வன்னியில் இருக்க, லண்டன் லிப்ற்றைப் பற்றி என்ன பேச்சு?” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வியாகத் தோன்றும், ஆனால் அல்ல. வன்னியில் இருப்பவரை நாம் படத்தில் காண்கிறோம். காசு சேர்க்கும் துண்டுப்பிரசுரத்தில், மேசையின்மேல் வைத்த உண்டியலில். அவருக்குப் பொய்க்கால் அனுப்புகிறோம், தையல் இயந்திரம் அனுப்புகிறோம். அது அவசியம். ஆனால் கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ எழும் புதிய அரச அலுவலகத்தின் வாசலில் படியா சரிவா என்று கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது என்பதை நாம் ஒருபோதும் எழுதியதில்லை.

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன்கீழ் 2006இல் வந்த அணுகல் விதிகளும் உண்டு. அவை ஏட்டில் கிடந்தபோது நீதிமன்றம் சென்றவர் அஜித் பெரேரா. இரசாயனவியலாளர், கிரிக்கெற் நடுவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின்மேல் மரம் விழுந்து இடுப்பின்கீழ் இயக்கமிழந்தவர். அவரது மனுவில் 2011 ஏப்ரிலில் உயர் நீதிமன்றம், புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமைய வேண்டுமென உத்தரவிட்டது. 2020இல் அவர் இறந்தார். ஒரு சிங்களவர் கொழும்பில் வென்ற அந்த வழக்கின் பயன் முல்லைத்தீவில் காலிழந்தவருக்கும் உரியது. எமது சஞ்சிகைகளில் இதைப்பற்றி ஒரு வரிகூட நான் வாசிக்கவில்லை. நானும் எழுதவில்லை.

பெயர்களை மாற்றுவதில் நாம் வல்லவர்கள். அங்கவீனர், ஊனமுற்றோர், வலுவிழந்தோர், விசேட தேவையுடையோர், மாற்றுத்திறனாளி. சொல் மாறுவது அவசியம்தான். ஆனால் அதே பதினெட்டுப் படியின் உச்சியில் நின்றுகொண்டு புதிய சொல்லை உச்சரிப்பதில் என்ன மாற்றம்? ஊரில் நான் படிப்பித்த இடத்தில், இளம்பிள்ளைவாதம் கண்ட ஒரு மாணவி கைபிடியைப் பற்றி ஏறி வருவாள். அவள் பிந்தி வரும் ஒவ்வொரு நாளும் நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். வகுப்பைக் கீழே மாற்றலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அவள் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டாள். அப்போதும் எம்மிடம் ஒரு விளக்கம் இருந்தது: “படிப்பிலை ஆர்வம் இல்லை.”

*

முடிவாக மூன்று யோசனைகளை விவாதத்துக்கு முன்வைக்கிறேன். ஒன்று, எமது கூட்டங்கள் இனிமேல் படியில்லாத இடத்தில் மட்டும் நடக்கட்டும். வாடகை கூடுமென்றால் கூட்டங்களின் எண்ணிக்கையைக் குறைப்போம். இரண்டு, அழைப்பிதழில் பேச்சாளர் பெயருக்கு மேலேயே வாசல், கழிவறை, கிட்டிய பஸ் பற்றிய விபரம் அச்சாகட்டும். மூன்று, ஏற்பாட்டுக் குழுவில் இருக்கும் ஆறு ஆண்களில் மூவர் விலகி, இதுவரை வர முடியாமலிருந்தவர்களுக்கு இடம் விடட்டும். விலகும் மூவரில் முதலாவது பெயர் என்னுடையது.

போன கிழமை நண்பருக்கு மீண்டும் தொலைபேசி எடுத்து, அடுத்த கூட்டத்துக்குக் கீழ்த்தள மண்டபம் ஒன்று பார்த்திருக்கிறோம் என்றேன். “நல்லது தம்பி. கக்கூஸ் கதவு எவ்வளவு அகலம்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அளவுநாடாவுடன் போய்ப் பார்க்க வேண்டும். அவரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.