பயிர் காட்டும் பழைய வரப்பு

பேச்சிப்பாறை அணைக்கரையில் நின்று பாருங்கள்; நீர்ப்பரப்பும் மரக்கூட்டமுமே தெரியும். பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கு உழுதவர்களின் வரப்புகள் வானிலிருந்தாவது தெரியுமா? க்ராஃபோர்டும் கீலரும் 1928இல் வெளியிட்ட 'வானிலிருந்து வெஸ்ஸெக்ஸ்' நூலைப் புரட்டுபவருக்கு இந்த ஆசை எழுவது இயற்கையே.

1924 கோடையில் தென் இங்கிலாந்தின்மேல் பறந்து எடுத்த படங்களே அந்நூலின் உயிர். மூடுண்ட பள்ளத்தில் ஈரம் தங்கும்; அதன்மேல் பயிர் உயர்ந்து பச்சையாக நிற்கும். புதைந்த சுவரின்மேல் குட்டையாகி முன்னதாகவே பழுக்கும். தரையில் வெறும் திட்டுகளாகத் தெரிபவை மேலிருந்து கோடுகளாகின்றன. தாழ்ந்த வெயிலில் நிழல் வீழ்த்தும் வரப்பு மேடுகளும் அப்படியே. படங்கள் அருமை, இதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் 'கெல்ட் வயல்கள்' என்று க்ராஃபோர்டு வழங்கிய பெயர் பொருந்தவில்லை. அவற்றுள் பல வெண்கலக் காலத்தவை. சில ரோமர் ஆட்சியிலும் உழப்பட்டவை.

அதைவிடப் பெரிய சிக்கல் மண். அது நீர் விரைந்து வடியும் சுண்ணாம்பு நிலம். வறட்சியில்தான் வேறுபாடு துலங்கும். 2018 வறட்சியில் அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் அருகே புதைந்த வட்டமொன்று இப்படித்தான் வெளிப்பட்டது. நம் கன்னிப்பூ, கும்பப்பூ வயல்களிலோ நீர் தேங்கி ஈரத்தைச் சமமாக்கிவிடும்; மலைச்சரிவை ரப்பர் மூடியிருக்கிறது. படத்தில் கோடு இல்லையென்றால் உழவே இல்லை என்று முடிவு கட்டலாமா? காளிபங்கனின் உழவுச்சால்கள் 1960களில் அகழ்ந்தபோதுதானே கிடைத்தன!

இம்முறையைச் சோதிக்க விரும்பும் மாணவர்கள் மானாவாரி நிலத்தைத் தேர்ந்து, மழை பொய்த்த ஆண்டில், கதிர் முற்றுமுன் பார்க்கட்டும்.